ஓட்டுத் தொழிற்சாலைக் காணியில் ஒரு கூரை கேட்டேன்

மகன்,

சனிக்கிழமைக் கூட்டத்தில் நீ என்னை "மெடம்" என்று கூப்பிட்டாய். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு சுற்றி வளைத்துக் கதைக்க எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். உன் கையில் மைக், உனக்குப் பின்னால் பெரிய திரை, திரையில் நீ கீறிய படம், முன்வரிசையில் பிரதேச சபைக்காரர்கள். கடைசி வரிசைப் பிளாஸ்டிக் கதிரையிலிருந்து எழும்பி நிற்கிற பொம்பிளை உன்னைப் பெற்றவள் என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்திருப்பாய். உன் அப்பா உன் பக்கம்தான். "அம்மா எண்டு கூப்பிட்டிருந்தா சொந்தக்காரருக்குச் செய்யிறான் எண்டு கதை கட்டியிருப்பாங்க, நீ சும்மா இரு" என்கிறார். சரி, அது போகட்டும். மெடம் என்று காதில் விழுந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து நீ சொன்ன வசனத்துக்குத்தான் கோபம் வந்தது. செத்தவர்களை இரண்டு நாள் வைத்திருக்க ஒரு கூரை வேண்டும் என்று நான் கேட்டேன். நீ, "நல்ல கருத்து மெடம், ஆனா இந்தத் திட்டத்துக்குள்ள அது வராது" என்றாய். பிறகு அடுத்த ஆளைப் பார்த்துக் கையை நீட்டினாய்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாய். சாப்பிட்டாய். கொஞ்சம் வாக்குவாதப்பட்டோம். பிறகு சோபாவிலேயே கண்ணயர்ந்துவிட்டாய், பின்னேரம் எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாய். நீ படுத்திருந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாயால் சொல்ல முடியாது. உன் அப்பா அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறார், இருமினால்கூட ஏன் இருமினாய் என்று கேட்கிறார். போனில் சொன்னால் பாதியில் எனக்கு அழுகை வரும், நீ "அம்மா, பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். ஆனால் அந்தக் காரியத்துக்கு வந்து சேர எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். பொறுமையாக வாசி.

முதலில் உன் படத்தைப் பற்றிச் சொல்கிறேன். நல்ல படம் மகன். பொய் சொல்லவில்லை. நாங்கள் கொட்டாஞ்சேனையை விட்டு ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தபோது எங்கள் ஃபிளாட்டைத் தவிர இந்த ஊரில் வயலும் வாய்க்காலும் கூரை ஓடு சுடுகிற ஓட்டுத் தொழிற்சாலையும்தான் இருந்தன. இப்போது பல்கனியில் நின்று பார்த்தால் மாடிக்கு மேல் மாடி. ஒரு கட்டடத்துக்குச் சாரம் அவிழ்க்க முன் பக்கத்துக் காணியில் அடுத்ததற்கு அத்திவாரம் வெட்டுகிறார்கள். சனம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகள் விளையாடுவது வாகனம் நிறுத்துகிற இடத்தில், கிழவர்கள் நடப்பது மெயின் ரோட்டு ஓரத்தில். மிச்சமாக இருக்கிற ஒரே வெறுங்காணி அந்த மூடிப்போன ஓட்டுத் தொழிற்சாலைக் காணிதான். அதில் என்ன வர வேண்டும் என்று சனத்திடம் கேட்டுப் படம் கீறுகிற வேலை உன் கம்பனிக்குக் கிடைத்தது, அதுவும் உன் கைக்கு வந்தது என்று கேட்டபோது நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். நடைபாதை, சிறுவர் பூங்கா, பந்தடிக்கிற இடம், நூலகம், உடற்பயிற்சிக் கம்பிகள், மழை நாளில் கேரமும் மேசைப்பந்தும் விளையாட ஒரு ஹோல், ஓரமாக வாகனத் தரிப்பிடம். நீ திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினாய். பக்கத்தில் இருந்தவளின் முழங்கையில் இடித்து, "இது என்ட மகன் கீறினது" என்று சொல்ல வாய் உன்னியது. அடக்கிக்கொண்டேன். அடக்கியது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் மெடத்தின் மானம் போயிருக்கும்.

அந்தக் கேரம் ஹோலைக் காட்டும்போது நீ, "இளைஞர்களுக்கு உள்ளக விளையாட்டுப் பழக்கம் இல்ல, அதுக்கு இடம் குடுக்கணும்" என்று சொன்னாயே, எனக்கு வாய்க்குள் சிரிப்பு. நீ கேரம் பழகியது எங்கே? பிரான்சிஸ் மாமாவின் செத்த வீட்டில். மறந்துவிட்டாயா? கொட்டாஞ்சேனையில் எங்கள் லேனில் மூன்றாம் வீட்டுக்காரர், ஹார்பரில் பாரம் தூக்குகிற வின்ச் அடித்தவர். பெட்டி வீட்டுக்குள், ரோட்டை மறித்துப் பந்தல், லேன் முழுக்க வெள்ளைக் கொடி, பந்தலுக்குள் வாடகைக் கதிரைகள், கதிரைகளுக்கு நடுவில் கேரம் போர்ட். பிரேதத்தைத் தனியே விடக்கூடாது, வீட்டுக்காரர்களையும் தனியே விடக்கூடாது. ஆம்பிளைகள் விடியும்வரை முழித்திருக்க வேண்டும் என்றால் ஏதாவது கையில் இருக்கத்தானே வேண்டும். உன் அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கக் காட்டிக்கொடுத்தார். சிவப்புக் காயை நீ போட்டதும் பந்தலே கைதட்டியது. உள்ளே ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் மாமி வெளியே எட்டிப் பார்த்து, "ஆர் போட்டது? சின்னவனா? அவர் இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் போய் அழுதாள். அதே பந்தல் போட்ட இடத்தில்தான் மற்ற நாட்களில் நீங்கள் கிரிக்கெட் அடித்தீர்கள். அங்கேதான் திருநாளுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். கடைசி வீட்டு ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்கு பேண்ட் வாத்தியம் வாசித்ததும் அங்கேதான். யாரும் படம் கீறிக் கொடுக்கவில்லை. அது வெறும் ரோடு.

ஐயோ, பழைய காலத்தைப் பாடுகிறாள் என்று நினைக்காதே. அந்த லேனை விட்டு வரத் துடித்தவள் நான்தான். மழை பெய்தால் கக்கூஸ் தண்ணீர் முற்றத்துக்கு வரும், ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் பெனடோல் குளிசை தேடுவார்கள். நீ இந்த ஃபிளாட்டைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்த நாளில் கீழே நீச்சல் தடாகத்தைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது, தெரிந்தாலும் எந்த உடுப்பில் இறங்குவது? ஆனாலும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பினேன். ஜிம், பார்ட்டி ஹோல், மொட்டைமாடித் தோட்டம், எல்லாம் பார்த்தோம். அப்பா லிஃப்டுக்குள் ஏறித் தலையைக் குனிந்தார். குனியத் தேவையில்லை, பழைய வீட்டுக் குசினி வாசலில் குனிந்து குனிந்து வந்த பழக்கம். நீயும் கூடவே குனிந்தாய். அவருடைய உயரம்தானே உனக்கும். இரண்டு பேரையும் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் லிஃப்ட் ஆடியது. அந்த லிஃப்ட் எவ்வளவு சின்னது என்று நாங்கள் மூன்று பேருமே யோசிக்கவில்லை.

யோசிக்க வைத்தது சிவலிங்கம் அண்ணன். நாங்கள் ஐந்தாம் மாடி, அவர் மூன்றாம் மாடி. வெள்ளவத்தையில் இருந்த வீட்டை விற்றுவிட்டு வந்தவர்கள், அவரும் ரஞ்சினியும். பிள்ளைகள் வெளிநாட்டில். போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் தவறிப்போனார். நீ அந்த வாரம் கண்டியில் வேலையாக நின்றாய், உனக்கு போனில் சொன்னேன், "அப்படியா, பாவம்" என்றாய். முழுக் கதையும் கேட்க உனக்கு நேரம் இருக்கவில்லை. ரஞ்சினிக்கு அவரை ஒரு முறை வீட்டுக்குக் கொண்டுவர ஆசை. மேலே கொண்டுவர வழியில்லை. லிஃப்டுக்குள் பெட்டி போகாது. படிக்கட்டு ஒவ்வொரு திருப்பத்திலும் முழங்கை மாதிரி மடங்குகிறது. அப்படியென்றால் கீழே பார்ட்டி ஹோலில் ஒரு மணித்தியாலமாவது வைக்கிறோம் என்று ஃபிளாட் கமிட்டியைக் கேட்டாள். சட்டத்தில் இடமில்லையாம். இடமிருந்தாலும் அன்றைக்கு ஒரு பிள்ளைக்குப் பேர்த்டே, பலூன் கட்டியாயிற்றாம். காவலுக்கு நிற்கிற சுனிலிடம் ஓடினாள். அவன் பாவம், "மட்ட கரன்ன தெயக் நே நோனா" என்று, தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்தான். அவனால் என்ன செய்ய முடியும்? ஆனால் தன்னுடைய கதிரையையும் மேசையையும் காவல் கூண்டுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு இடம் விட்டான். பிரேத வண்டி வந்து கேற்றடியில் நின்றது. பின்கதவைத் திறந்தார்கள். ரஞ்சினி காவல் கூண்டுப் பக்கத்தில் விளக்கேற்றி, வண்டிக்குள் தலையை நீட்டி அவருடைய முகத்தைத் தடவினாள். பின்னால் வாகனங்கள் ஹோன் அடிக்கத் தொடங்கிவிட்டன. உள்ளே தடாகத்தில் பிள்ளைகள் தண்ணீர் அடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஃபிளாட் சனம் பல்கனிகளில் நின்று பார்த்தது. சிலர் செத்தது யார் என்றே தெரியாமல் பார்த்தார்கள். ஹோன் சத்தம் கூடக் கூட வண்டிக்காரன் கதவைச் சாத்தினான். அவ்வளவுதான் மகன், ஒரு மனிசன் வீட்டுக்கு வந்து போனது.

பிறகு பொரளைப் பக்கம் பிரேதங்களை வாடகைக்கு வைக்கிற ஒரு பார்லரில் வைத்தார்கள். நானும் போனேன். குளிரூட்டிய அறை, சுவரில் பூங்கொத்துப் படம், அடுத்த அறையில் வேறு ஒருவர். நேரம் முடிகிறது என்று யூனிஃபோம் போட்ட பிள்ளை வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். மரியாதையாகத்தான் சொன்னாள், குறை சொல்ல மாட்டேன். ரஞ்சினி இப்போதும் என்னிடம் சொல்கிறாள், "அக்கா, அவர் வீட்டில இருந்து போன மாதிரியே இல்ல. எங்கயோ டியூட்டிக்குப் போயிட்டார், பின்னேரம் வருவார் எண்டு இருக்கு." அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான், வாய்க்காரி என்று லேன் முழுக்கப் பெயர் எடுத்தவள்.

அன்றைக்கு உன் அப்பாவும் பல்கனியில் நின்று பார்த்தார். உள்ளே போய்ப் படுத்தார். மறுநாள் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது, "என்னை அந்தக் குளிர் அறையில வெக்காத. ரெண்டு நாள் ஆக்களோட கிடக்கணும். கேரம் போர்ட் வாடகைக்கு எடு, பவுடர் நல்லதா வாங்கு, மலிவுப் பவுடர்ல காய் ஓடாது" என்றார். நான் பேசினேன். காலங்காத்தால என்ன கதை இது என்று பேசினேன். அப்போது அவருக்கு ஒன்றும் இல்லை. இப்போது அப்படி இல்லை என்று உனக்குத் தெரியும். டொக்டர் கதவடியில் வைத்து எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னது உன் காதிலும் விழுந்தது. "வீட்டுக்குக் கொண்டுபோங்க, அவருக்குப் பிடிச்சதக் குடுங்க." வீட்டுக்கு வந்த பிறகு அப்பா கேட்டார், "என்னவாம்?" நான், "உப்பைக் குறைக்கட்டாம்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "நான் ஹார்பரில டாலி கிளார்க்கா இருந்தவன், கப்பலில இருந்து இறங்கினதுல ஒரு மூட்டை குறைஞ்சாலும் முகத்தப் பாத்துக் கண்டுபிடிப்பன். எனக்கா பொய் சொல்றாய்?" என்றார். பிறகு உப்புக் குறைத்த சோற்றைச் சாப்பிட்டார், எனக்காக.

போன கிழமை நான் அவருக்கு ஒரு கதை சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. வெள்ளவத்தைப் பக்கம் ஒரு ஃபிளாட்டில் பெட்டியை நிமிர்த்தி வைத்து லிஃப்டில் மேலே கொண்டுபோனார்களாம், ரஞ்சினி சொன்னாள். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார், சிரித்து இருமினார். "நாப்பது வருசம் வார்ஃபில நிண்டுகொண்டே மூட்டை எண்ணினனான். செத்த பிறகாவது என்னைப் படுக்க விடுங்கடி" என்றார். நானும் சிரித்தேன். குசினிக்குப் போய் அழுதேன்.

இதெல்லாம் மனதில் இருக்கும்போதுதான் உன்னுடைய கூட்டத்துக்கு வந்தேன். குத்துவிளக்கேற்றினீர்கள், தேவாரம் பாடினார்கள், பிக்குமார் பிரித் ஓதினார்கள், பாதரும் மௌலவியும் ஆசி சொன்னார்கள். பிறகு நீ என்ன வேண்டும் என்று கேட்டாய். சனம் கையை உயர்த்திக் கேட்டது. ஒருவர் டென்னிஸ் கோர்ட் கேட்டார், இந்த ஊரில் ஒருவருக்கும் டென்னிஸ் தெரியாது. ஒருத்தி வாத்துக்களுக்குக் குளம் கேட்டாள். செல்ஃபி எடுக்க ஊரின் பெயர் எழுதின சுவர் வேண்டும் என்றது ஒரு பிள்ளை. எல்லாரும் கைதட்டினார்கள். மங்களமான இடத்தில் மங்களமாகக் கேட்கிறார்கள், பிழையில்லை. நான் எழும்பிச் செத்த வீட்டுக்கு இடம் கேட்டதும் உயர்ந்திருந்த கைகளெல்லாம் கீழே இறங்கின. முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்து, "விளக்கேத்தின இடத்துல என்ன கதை இது" என்றார். இரண்டு பெட்டைகள் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். ரஞ்சினி என் பக்கத்தில்தான் இருந்தாள். அவள்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆதரிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று சபைத் தலைவர் கேட்டார். ஒரு கையும் எழும்பவில்லை, நீ பார்த்தாய்தானே.

நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. கூட்டம் முடிந்து தேத்தண்ணி கொடுத்த இடத்தில் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். அந்த விளக்குக்காரரே வந்தார். பட்டீஸ் ஒன்றை எடுத்து என் பிளேட்டில் வைத்து, "பிழையா எடுக்காதீங்க அக்கா. எங்கட தாயாரை நாங்க புத்தளத்துக்குக் கொண்டுபோய்த்தான் வெச்சம். இங்க இடமில்ல" என்றார். வாத்துக் குளம் கேட்டவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மாமனாரை வைக்க இடமில்லாமல் அண்ணியின் வீட்டுக்காரரோடு சண்டை வந்து இன்றைக்கும் கதையில்லை என்றாள். ஒரு முஸ்லிம் பொடியன், "எங்கள்ல அண்டைக்கே அடக்கிடுவம் ஆன்ட்டி, ஆனா குளிப்பாட்டக்கூட ஃபிளாட்டுல வழியில்ல" என்றான். எல்லாருக்கும் ஒரு கதை இருந்தது, எல்லாரும் மெதுவாகச் சொன்னார்கள். அதனால் சொல்கிறேன் மகன், இதை உன் தொழிலுக்கு ஒரு புத்தியாக எடுத்துக்கொள். எங்கள் சனத்திடம் மைக்கைக் கொடுத்துக் கேட்டால் நல்ல காரியத்துக்குத்தான் இடம் கேட்பார்கள். கெட்ட காரியத்துக்கு வாய் திறந்தால் அது வந்துவிடும் என்கிற பயம். படித்தவனுக்கும் அது உண்டு, உனக்கும் உண்டு, அன்றைக்கு உன் காது சிவந்ததை நான் கண்டேன். தேத்தண்ணி கொடுக்கிற இடத்தில் போய் நில், வீட்டு வாசலில் போய் நில், அப்போதுதான் மிச்சம் வரும். நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்று சொல்லக் கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். போவதற்கு ஓர் இடம் இருந்தால்தானே மகன் போகலாம்?

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து விளக்கம் சொன்னாய். நான் குறுக்கே குறுக்கே கத்தினேன், மன்னித்துக்கொள். ஆனால் நீ சொன்ன ஒவ்வொன்றும் என் காதில் இருக்கிறது. செத்த வீட்டு ஹோல் வந்தால் பக்கத்து ஃபிளாட்டுகள் விலை போகாது என்று கட்டடக்காரர்கள் வழக்குப் போடுவார்கள் என்றாய். சிறுவர் பூங்காவுக்குப் பக்கத்தில் பிரேதமா என்று கேட்பார்கள் என்றாய். தனி ஹோல் வேண்டாம், கேரம் ஹோலுக்கே ஒரு அகலமான கதவும் வண்டி வர ஒரு பின்வழியும் வைத்துவிடு, மற்ற நாளில் விளையாடட்டும், அந்த நாளில் கிடத்தட்டும் என்று நான் சொன்னேன். நீ சோபாவில் சாய்ந்துகொண்டாய். பிறகு, "நான் முதல்ல அப்பிடித்தான் கீறினனான் அம்மா. மேல இருந்து வெட்டிட்டாங்க. வெள்ளிக்கிழமை கடைசிப் படம் குடுக்கணும். நான் படம் கீறுற ஆள் மட்டும்தான், நான் சொன்னா ஆர் கேக்கிறது?" என்றாய். அப்போது உன் முகம் இருந்த இருப்பைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. ஹோலுக்கு வழியில்லை என்று சுனில் கையை விரித்த மாதிரியே நீயும் சோபாவில் கையை விரித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பா உள்ளேயிருந்து, "பிள்ளையை விடு, அவனுக்குப் பசிக்கும்" என்றார்.

எனக்கும் வழி தெரியவில்லை மகன். கோயில் மண்டபத்தைக் கேட்டுப் பார்த்தேன், காலையிலிருந்து இரவுவரை டியூஷன் வகுப்பு நடக்கிறது, பாதர் தலையைச் சொறிந்தார். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடியில் துணிக் களஞ்சியம். இன்னும் அதே லேனில் இருக்கிற தங்கச்சியின் வீட்டில் முன்னறையே இல்லை, கட்டிலைத் தாண்டித்தான் குசினிக்குப் போக வேண்டும். அவள், "அத்தானை இங்க கொண்டுவா, கட்டிலக் கழட்டுறன்" என்கிறாள். லேனில் இப்போது ரோட்டை மறிக்க விடுவார்களா என்று அவளுக்கும் தெரியாது. இதையெல்லாம் நான் அப்பா உயிரோடு அடுத்த அறையில் கிடக்கும்போது விசாரித்துக்கொண்டு திரிகிறேன். ஒவ்வொரு முறை வெளியே போய் வரும்போதும், "எங்க போனாய்?" என்கிறார். மீன் வாங்க என்கிறேன். "மீன் எங்க?" என்கிறார்.

இனி அந்தக் காரியத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமை கூட்டம் முடிந்து வந்த கையோடு தையல் டேப்பை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனேன். கதவு சாத்திக்கொண்டதும் தரையில் குந்தி, மூலைக்கு மூலை வைத்து அளந்தேன். பெட்டியை நேராக வைத்தால் இடம் காணாது, குறுக்காக வைத்தால் ஒருவேளை காணும், மயிரிழையில் நின்றது. இரண்டாம் மாடியில் ஒரு பிள்ளை ஏறி, "ஆன்ட்டி என்ன தேடுறீங்க?" என்று கேட்டது. மூக்குத்தி விழுந்துவிட்டது என்றேன், அதுவும் என்னோடு சேர்ந்து தேடியது. சரி, லிஃப்டின் அளவு கிடைத்தது. அப்பாவின் அளவு வேண்டும். அவர் இப்போது காலை மடக்கிக்கொண்டு கிடக்கிறார், நீட்டச் சொன்னால் ஏன் என்று கேட்பார், டேப்பைக் கண்டால் ஏன் என்று கேட்கவே மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ ஏ.எல். படிக்கிற காலத்திலேயே அப்பாவின் உயரத்துக்கு வந்துவிட்டாய். அவர் ஷிஃப்ட் முடிந்து வந்தால் அளவெடுக்க நிற்க மாட்டார், கதிரையிலேயே நித்திரையாகிவிடுவார். அதனால் உன்னை நிறுத்தி அளந்துதான் அவருக்கு ஷர்ட் தைப்பேன். தோள், கை, உயரம் எல்லாம் உன்னில் எடுத்து, வயிற்றுக்கு மட்டும் இரண்டு விரல் கூட்டுவேன். நீ புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே கையை நீட்டிக்கொண்டு நிற்பாய். ஒரு நாளும் அவருக்கு அளவு பிழைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சோபாவில் நீட்டி நிமிர்ந்து, பாதம் கைப்பிடிக்கு வெளியே தொங்க, நெஞ்சில் கையைக் கோத்துக்கொண்டு படுத்திருந்தாய். நான் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தேன். பழக்கம் மகன், கை தானாகவே செய்கிறது. உச்சந்தலையில் டேப்பின் நுனியை வைத்துக் கீழே இழுத்துக்கொண்டு போனேன், நெற்றி, நெஞ்சு, கோத்த கை, முழங்கால். முழங்காலுக்கு வந்தபோதுதான் நான் யாரை, எதற்காக அளந்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது. டேப் உன் காலில் பட்டிருக்க வேண்டும், நீ ஒரு கண்ணைத் திறந்தாய்.

"என்னம்மா, அப்பாவுக்கு ஷர்ட்டா?" என்றாய்.

"ஓம் மகன், நீ படு" என்றேன். நீ சிரித்துவிட்டுத் திரும்பவும் நித்திரையானாய்.

உள்ளேயிருந்து உன் அப்பா, "என்ன நிறத்துல?" என்று கேட்டார். அவர் தூங்கவில்லை. வெள்ளை என்றேன். "ம்" என்றார், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை படத்தைக் கொடுத்துவிட்டு நேரே இங்கே வா. வரும்போது நல்ல பவுடராக ஒரு டின் வாங்கிக்கொண்டு வா, காய் ஓடுகிறதா என்று அவர் பார்க்கட்டும்.

அம்மா